பேஸ் மாடல் தர்மன்

“நாலு சக்கரம். ஒரு ஸ்டீரிங். ஒரு பிரேக்கு. ஒரு ஆரன். காருன்னா அவ்ளோதான் செங்கு. அதுக்கு மேல இருக்கறது ஒவ்வொண்ணும் கம்பெனிக்காரன் நம்ம தலையில கட்டற சரக்கு!”

வெள்ளிமலையில் தன் வீட்டு வாசலில் நின்று தர்மன் இப்படி முழங்கியபோது, கேட்க இருந்தது ஒரு மனைவியும் ஒரு சேவலும். சேவல் பாதியிலேயே கிளம்பிவிட்டது. மனைவி செங்கம்மாள் கிளம்பவில்லை. எண்ணெய்ச் சட்டியில் சாமை முறுக்கு வெந்துகொண்டிருந்தது, எங்கே கிளம்புவது?

அந்த வருஷம் மரவள்ளி நல்ல விலைக்குப் போயிருந்தது. கிழங்கு விலை ஏறினால் மலையில் ஆளுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஒருத்தன் மாடி கட்டுவான். ஒருத்தன் போர் போட்டுப் பாறையைத் தோண்டுவான். தர்மனுக்குப் பிடித்தது கார்க் கிறுக்கு. அதுவும் சும்மா கிறுக்கு இல்லை, கொள்கையோடு கூடிய கிறுக்கு.

“பேஸ் மாடலுதான் வாங்கப் போறேன். சொல்லிட்டேன்.”

“சரி மாமா.”

“சீட்ட ஏத்தறதுக்கு ஒரு பிடியாம். கண்ணாடி எறக்க பட்டனாம். பின்னாடி கண்ணாடி தொடைக்க வைப்பராம். டிக்கிக்குள்ள லைட்டாம்! டிக்கில எவனாவது குந்திக்கினு பரீட்சைக்குப் படிக்கப் போறானா?”

“எவனும் படிக்க மாட்டான் மாமா.”

“இன்னாடி, நீ சண்டைக்கு வருவேன்னு பாத்தேன்?”

“நான் இன்னாத்துக்குச் சண்டைக்கு வர்றேன்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

தர்மன் இந்த இடத்தில் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வார்த்தை செங்கம்மாள் வாயில் வந்ததே இல்லை. சோறு வெந்துவிட்டது என்று இவன் சொன்னால்கூட ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். ஆனால் ஜெயித்தவனுக்கு யோசனை எங்கே ஓடும்? சூடு முறுக்கு ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தான். வெற்றி மொறுமொறுவென்று இருந்தது.

ஒரு சமாசாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். தர்மன் கொஞ்சம் குட்டை. ‘கொஞ்சம்’ என்பது மரியாதைக்காகச் சொல்வது. செங்கம்மாள் அவனைவிட நாலு விரல் உயரம். கல்யாணப் போட்டோவில் ரெண்டு பேரும் சரிசமமாகத்தான் இருப்பார்கள். வேட்டி மறைவில் ஒரு செங்கல் இருப்பது போட்டோ எடுத்தவருக்கும் மாப்பிள்ளைக்கும்தான் தெரியும். உயரத்தில் விட்டதை வயிற்றில் பிடித்துக்கொள் என்று கடவுள் அனுப்பினாரோ என்னவோ, அது மட்டும் தாராளம். இந்த விஷயத்தை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவது கிடையாது. பேசினால் அன்று முழுக்க மனுஷன் சாப்பிட மாட்டான். சாப்பிடாமல் இருந்தும் வயிறு இறங்கியதில்லை, அது வேறு கதை.

செங்கம்மாளுக்கும் அந்தக் கார் மேல் ஒரு கண் இருந்தது. அவளும் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து சாமை முறுக்கும் தினை உருண்டையும் செய்து கள்ளக்குறிச்சிக் கடைகளுக்குப் போடுகிறார்கள். நல்ல கிராக்கி. ஆனால் பஸ் இருக்கிறதே பஸ், அது பாடாய்ப் படுத்தியது. டின்னைக் கண்டாலே கண்டக்டர் முகம் சுண்டிப் போகும். கூட்டத்தில் யாராவது ஒருத்தர் டின் மேலேயே ஏறி உட்காருவார். மலையிறங்கிப் போய்த் திறந்து பார்த்தால் முறுக்காகப் போனது மாவாக வந்திருக்கும். இதற்கிடையில் கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுப் பலகாரக் கடைக்காரர் ஒருவர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: “வியாழக்கிழமைதோறும் கடை தொறக்கறதுக்கு முன்ன சரக்கு உடையாம வந்தா மொத்தமும் எனக்கே போடுங்கம்மா. வரலேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.” காலை முதல் பஸ்ஸே கடை திறந்த பிறகுதான் போய்ச் சேரும். ஆகவே கார் இல்லையென்றால் அந்த ஆர்டர் இல்லை. அத்தனை பெண்களும் செங்கம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தர்மனின் ஆசையோ வேறு. மலை இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் கச்சிராயபாளையம். அங்கே டீக்கடை வாசலில் செங்கம்மாளின் அண்ணன் அருள் காலையில் கட்டாயம் நிற்பான். அவன் கண்ணெதிரே ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, பார்த்தும் பார்க்காத மாதிரி, ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு ஹாரனுக்காகத்தான் இத்தனை கூத்தும். சங்கராபுரத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்சும் வாங்கிவிட்டான். அந்த ஸ்கூல் வண்டியின் சீட்டில் தடிமனாக ஒரு மெத்தையைக் கட்டிவைத்திருந்தார்கள். அதை மட்டும் அவன் கவனிக்கவே இல்லை.

“காரு வரட்டும். வியாழக்கிழமை சரக்க நானே ஓட்டிக்கினு போய் எறக்கறேன். நீ பக்கத்துல ஜம்முனு உக்காந்துக்கினு வா.”

“சரி மாமா.”

மறுபடியும் சரி!

கள்ளக்குறிச்சி ஷோரூமில் இவர்களுக்குக் கார் காட்டியவள் எழில்மதி என்ற பெண். மூங்கில்துறைப்பட்டுக்காரி. சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ பேச்சில் அப்படி ஒரு இனிப்பு.

“சார், இது டாப் மாடல். சும்மா உக்காந்து பாருங்க சார்.”

தர்மன் உட்கார்ந்தான். ஆகா! பானெட் தெரிந்தது. ஷோரூம் வாசல் தெரிந்தது. வெளியே ரோட்டில் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கூடத் தெரிந்தது.

“பளிச்சுனு தெரியுதே எல்லாம்!”

“ஆமா சார், சீட்ட நல்லா மேல ஏத்தி விட்டிருக்கோம். இந்தப் பிடிய இழுத்தீங்கன்னா...”

“ஏம்மா, என்னைப் பாத்தா ஏத்தி விடவேண்டிய ஆளு மாதிரியா இருக்குது?”

எழில்மதி செங்கம்மாளைப் பார்த்தாள். செங்கம்மாள் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தாள்.

“அந்தப் பிடியும் வேணாம், ஒரு முடியும் வேணாம். பேஸ் மாடலக் காட்டு.”

“அது இப்ப இங்க இல்ல சார். புக் பண்ணாத்தான் வரும். ஆனா அதுல சீட்டு ஏறாது சார். பின் கதவுக் கண்ணாடிய கையாலதான் சுத்தணும். பின்னாடி வைப்பர் வராது.”

“கை எதுக்கும்மா இருக்குது? சுத்தத்தான் இருக்குது. கண்ணாடி தொடைக்க ஒரு மிஷினாம்! தோ, என் கை இருக்குது. ஒரு துணி இருக்குது. எறங்கி ஒரு தொடை தொடச்சா முடிஞ்சிது.”

“மழையில கஷ்டமா இருக்கும் சார்.”

“நாங்க மலைக்காரங்கம்மா. மழையிலயே பொறந்து வளந்தவங்க.”

“அவரு தொடைப்பாருங்க,” என்றாள் செங்கம்மாள் ரொம்பப் பணிவாக. நாலு பேர் எதிரில் அவள் புருஷனை மரியாதையாகத்தான் பேசுவாள். நீ, வா, போ எல்லாம் தனியாக இருக்கும்போதுதான். “அவரு ஒரு வார்த்த சொன்னா மாத்த மாட்டாருங்க.”

தர்மனுக்கு நெஞ்சு விரிந்தது. எழில்மதிக்கு மனசு கேட்கவில்லை.

“நெசமா சொல்றேன் சார், இந்த மாதிரி சின்னச் சின்ன வசதியெல்லாம் எல்லா மாடல்லயும் ஸ்டேண்டர்டாவே குடுத்துடணும். அத்தக் குடுக்கறதால கம்பெனிக்கு இன்னா கொறஞ்சிடப் போகுது?”

“குடுக்கவே கூடாதும்மா! இன்னிக்கு சீட்டத் தூக்கி விடுவான், நாளைக்கு நம்மளத் தூக்கி உள்ள வெப்பான். மனுஷன் சோம்பேறியாயிடுவான். அதுசரி, இது இன்னா?”

இடது பக்க சீட்டுக்கு மேலே, வெயில் மறைக்கிற தட்டியை அவன் கீழே இழுத்திருந்தான். அதன் உள்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் அவன் மீசை.

“அது முகம் பாக்கற கண்ணாடி சார். லேடீஸ் அந்தப் பக்கம்தானே உக்காருவாங்க? அதனால அந்தப் பக்கம் மட்டும். அது பேஸ் மாடல்லயும் ஸ்டேண்டர்டா வரும்.”

“இது எதுக்கு தண்டமா? கழட்டிட்டு வெலையக் கம்மி பண்ணு.”

“கழட்ட முடியாது சார்.”

“இருக்கட்டுங்க,” என்றாள் செங்கம்மாள். “யாருக்காவது ஒதவும்.”

கார் வந்தது. ஷோரூம் டிரைவர் ஓட்டிவர, மாலையும் கழுத்துமாக இடது சீட்டில் உட்கார்ந்து தர்மன் மலையேறினான். ஊரே கூடியது. சீட்டு முழுக்கக் கண்ணாடிக் காகிதம்போல மொறமொறவென்று பிளாஸ்டிக் உறை. செங்கம்மாள் அதைக் கிழிக்கப் போனபோது தர்மன் பதறிவிட்டான்.

“கையை எடு! அத்தக் கிழிச்சிட்டா புது வண்டின்னு எவன் நம்புவான்? சொந்தக்காரன் அத்தனை பேரும் பாத்து முடிக்கட்டும்.”

“சரி மாமா.”

ஊர் கலைந்ததும் தர்மன் ஆசையோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஸ்டீரிங் மூக்குக்கு நேராக இருந்தது. பானெட் எங்கே? காணோம். ரோடு எங்கே? காணோம். எதிரே வானம் மட்டும் தாராளமாகத் தெரிந்தது. கழுத்தை நீட்டினான். சீட்டை முன்னால் தள்ளினான்; வயிறு ஸ்டீரிங்கில் முட்டி, ‘பாம்’ என்று ஹாரன் அடித்தது. மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

“இன்னா மாமா, செட்டாயிடுச்சா?” என்று வெளியிலிருந்து குரல்.

“சூப்பரா இருக்குது!”

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினான். ஸ்டீரிங் வளையத்துக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க முடிந்தது. மைதானத்து ஓரமாகத் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த பச்சையம்மாள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

“ஐயையோ! செங்கம்மா, ஓடியா! ஒங்க காரு ஆளே இல்லாம தானா போய்க்கினு இருக்குதுடி!”

காருக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, இருக்கிறேன் இருக்கிறேன் என்று ஆடியது. அதைப் பார்த்ததும் பச்சையம்மாள் இன்னும் பெரிதாக அலறினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு தலையணையைக் காணோம். செங்கம்மாள் எங்கே என்று கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. நன்றாகப் பொழுது விடிவதற்குள் டிக்கியில் டின்களை அடுக்கினார்கள். டிக்கியில் லைட் இல்லை, பச்சையம்மாள் போனை வாயில் கவ்விக்கொண்டு வெளிச்சம் காட்டினாள். அவளும் கூடவே வருகிறாள், பின் சீட்டில். மற்ற பெண்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த டின்களைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது. தர்மன் தலையணை மேல் கம்பீரமாக அமர்ந்தான். ரோடு தெரிந்தது! கால்தான் கிளட்சுக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. பரவாயில்லை, நுனிக்காலில் நடப்பது போல நுனிக்காலில் ஓட்டினால் போகிறது.

சமதரையில் வண்டி ஜோராகப் போனது. மலைப்பாதை இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் தலையணை லேசாக நகர்ந்தது. கீழே பிளாஸ்டிக், மேலே தலையணை, அதற்கும் மேலே தர்மன். வழுக்காமல் என்ன செய்யும்? ரெண்டாவது வளைவில் தர்மன் கதவோரம் வந்து சேர்ந்தான். மூணாவது வளைவில் தலையணை ஒரு பக்கம், தர்மன் ஒரு பக்கம். சர்ரென்று சீட்டின் பள்ளத்தில் போய் இறங்கினான். ரோடு போய் வானம் வந்தது.

“மாமா, பிரேக்கு!” என்று செங்கம்மாள் கத்தினாள்.

நல்லவேளை, பிரேக் கிடைத்தது. வண்டி வளைவில் குறுக்கே நின்றது. பின்னால் பச்சையம்மாள் எல்லாச் சாமியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதே நேரம் மேலேயிருந்து முதல் பஸ் வந்து பின்னால் நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்தார். டின்னைக் கண்டால் முகம் சுண்டுகிற அதே கண்டக்டர். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார்.

“யாருப்பா வண்டிய நடு ரோட்டுல உட்டுட்டுப் போனது? டிரைவரு எங்க?”

“இங்கதாங்க இருக்கேன்,” என்று கீழேயிருந்து தர்மன் சொன்னான்.

பஸ் ஜன்னல் எல்லாவற்றிலும் தலைகள். தர்மனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அழுகைதான் அது. எத்தனை நாள் ஆசை! பக்கத்துப் பாறைக்குள் வழி இருந்தால் அதற்குள்ளேயே நுழைந்திருப்பான். செங்கம்மாள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள்.

“மாமா, எறங்கி அந்தப் பக்கம் வாங்க.”

“வந்து? வண்டிய யாரு ஓட்டறது?”

“நான்தான்.”

“ஒனக்கு இன்னாடி தெரியும்?”

அவள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவள் போட்டோ போட்ட லைசென்ஸ். பிறகு சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஒரே இழுப்பில் சரக்கென்று கிழித்தாள். உட்கார்ந்தாள். தலை கூரைக்கும் கீழே, கண் ரோட்டுக்கும் நேரே, கால் கிளட்சுக்கும் அளவாக, அவளுக்கென்றே தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது அந்த சீட். வண்டியைப் பின்னால் எடுத்தாள், முன்னால் விட்டாள், வளைத்தாள், பஸ்ஸுக்கு வழிவிட்டாள். பஸ் டிரைவர் அவளுக்கு ஒரு கை தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார்.

தர்மன் அந்த லைசென்சை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“எப்போடி கத்துக்கின?”

“முறுக்கு போடப் போறப்பல்லாம்.”

“பஸ்சு லேட்டுன்னு சொல்லுவியே?”

“பஸ்சும் லேட்டுதான் மாமா.”

கச்சிராயபாளையம் வந்தது. டீக்கடை வாசலில் அருள் நின்றிருந்தான், கையில் டீ கிளாசோடு. செங்கம்மாள் நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள். அருள் வாயைப் பிளந்தான். தர்மன் சட்டென்று முகத்தை ஓனர் முகமாக மாற்றிக்கொண்டு ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். நிமிர்ந்து என்ன பிரயோஜனம்? அருள் ஓடிவந்து வலது பக்கக் கண்ணாடியில் குனிந்து கேட்டான்.

“அடடே, தங்கச்சி! தனியாவா வர்ற? மச்சான் வரலியா?”

கள்ளக்குறிச்சியில் பலகாரக் கடை ஷட்டர் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது கார் போய் நின்றது. கடைக்காரர் டின்னைத் திறந்து பார்த்தார். ஒரு முறுக்குகூட உடையவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார், தலையாட்டினார். “வாராவாரம் இதே நேரத்துக்கு வந்துடுங்கம்மா. மொத்தமும் எனக்குத்தான்.” பச்சையம்மாள் அங்கேயே நின்று மலைக்குப் போன் போட்டுக் கத்தியது தியாகதுருகம் வரைக்கும் கேட்டிருக்கும். செங்கம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பைத் தர்மன் பார்த்தான். அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த ஸ்டீரிங்!

நேராக ஷேக் பரீத் பாய் கடைக்கு விடச் சொன்னான். கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை. பாய் தர்மனுக்குப் பழைய சிநேகிதர்; மலைத் தேன் வந்தால் முதல் பாட்டில் பாய்க்குத்தான். பச்சையம்மாள் காரிலேயே தூங்கிவிட்டாள். தர்மன் பாயைத் தனியாக ஓரங்கட்டப் பார்த்தான். செங்கம்மாளும் கூடவே வந்து நின்றாள்.

“பாய், இது அநியாயம் பாய். சீட்ட ஏத்தி எறக்க ஒரு சின்னப் பிடி. இத்துனூண்டு இரும்பு. அத்தக்கூட வெக்காம ஒரு கம்பெனி காரு விக்கறான்னா அவன் இன்னா மனுஷன்? இதெல்லாம் எல்லா வண்டியிலயும் ஸ்டேண்டர்டா இருக்கணுமா வேணாமா?”

“கண்டிப்பா இருக்கணும் தர்மண்ணே. வாங்கறப்ப கேக்கலியா?”

“கேட்டாரு பாய்,” என்றாள் செங்கம்மாள். “இருக்கவே கூடாதுன்னு கேட்டாரு.”

தர்மன் இருமினான். “அது கெடக்கட்டும். இப்ப அந்தப் பிடிய வெச்சுத் தர முடியுமா?”

“அது கம்பெனிலயே வரணும். வெளியில வெக்க முடியாதுண்ணே. வேணும்னா பஞ்சு போட்டு, சீட்டோட சேத்து உசரமா தைச்சுத் தர்றேன். நகராது.”

“அதான் வேணும்! தைங்க!”

“தைக்கறேன். ஆனா ஒண்ணு. அப்படித் தைச்சுட்டா உங்க வூட்டம்மா உக்காந்தா தலை கூரையில இடிக்கும். அவங்களுக்கு விட்டா உங்களுக்கு ரோடு தெரியாது. ஒரே வண்டிய ரெண்டு பேரும் ஓட்டத்தான் அந்தப் பிடியே. பிடி இல்லாத வண்டி ஒரு ஆளுக்குத்தான் சரிப்படும்.” பாய் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். “சொல்லுங்க, யாருக்குத் தைக்கட்டும்?”

தர்மன் செங்கம்மாளைப் பார்த்தான். அவள் இந்தத் தடவை சரி மாமா என்று சொல்லவில்லை. கையில் கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த மூணாவது வளைவு அவன் ஞாபகத்துக்கு வந்தது. வாசலில் நின்ற பெண்களின் முகமும் வந்தது. அருளுக்கு அடிக்க வேண்டிய ஹாரனும் வந்தது, அதை அடித்தும் ஆகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தைக்க வேணாம் பாய். அவளே ஓட்டட்டும். என்னைவிட நல்லாத்தான் ஓட்டறா.”

சொல்லிவிட்டு, எவ்வளவு பெரிய தியாகம் செய்துவிட்டோம் என்று அவனே அசந்து போனான். கண்கலங்கி யாராவது முதுகில் தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தான். பாய் உள்ளே போய்ப் பளபளவென்று ஒரு மெத்தையோடு திரும்பி வந்தார். அடியில் வார் வைத்து, சீட்டில் கட்டுகிற மாதிரி தைத்த மெத்தை.

“அப்ப இத்த மாட்டிடட்டுமாண்ணே? இடது சீட்டுக்கு. போன மாசமே ரெடி.”

“போன மாசமா? போன மாசம் காரே வரலியே பாய்!”

“காரு வரல. உங்க வூட்டம்மா வந்தாங்களே! என் வூட்டுக்காரி அத்தியா பொம்பளைங்களுக்கு டிரைவிங் கிளாஸ் எடுக்கறா இல்ல? அங்கதான் கத்துக்கினாங்க. மலை மேலயே ஓட்டவெச்சு அத்தியா பழக்கி உட்டா. அப்புறம் இங்க கடைக்கு வந்த வண்டியில எல்லாம் ஏறி ஏறி உக்காந்து பாத்தாங்க. ‘சீட்டு ஏத்த முடியாத வண்டி எது பாய், எனக்கு ரோடு தெரியணும், அவருக்குத் தெரியக் கூடாது’ன்னு கேட்டாங்க. அவருக்கு இன்னாத்துக்குத் தெரியக் கூடாதுன்னு எனக்கு அப்ப வெளங்கலண்ணே. பேஸ் மாடலச் சொன்னேன். கையோட இடது சீட்டுக்கு மெத்தைக்கும் அளவு குடுத்துட்டுப் போனாங்க.”

தர்மன் மெதுவாகத் திரும்பினான். “அப்ப நான் பேஸ் மாடல்னு சொன்னப்ப நீ சரி சரின்னு சொன்னது...”

“நீங்களாத்தானே சொன்னீங்க? நான் எப்படி உங்க வாயில வர வெக்கறதுன்னு யோசிச்சுக்கினு இருந்தேன். அந்த வேலையும் மிச்சமாச்சு.”

“நேரா கேட்டிருக்கலாமேடி, நான் ஓட்டறேன்னு?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

தர்மன் யோசித்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை. “மாட்டேன்,” என்றான். பாய் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத் தர்மனும் சிரித்துவிட்டான்.

திரும்பும் வழியில் தர்மன் மெத்தை மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். என்ன ஒரு உயரம்! கோமுகி அணை முழுசாகத் தெரிந்தது. கச்சிராயபாளையத்தில் அருளுக்கே அவன் தெரிந்தான். ராஜா மாதிரி கையாட்டினான். “மலையில எந்த ஓனரு ஜீப்ப ஓட்டறான்? ஓனரு எப்பவும் இடது பக்கம்தான்,” என்று பின்னால் இருந்த பச்சையம்மாளுக்கு விளக்கம் சொன்னான். வெயில் மறைக்கிற தட்டியைக் கீழே இழுத்தால் கண்ணாடி சரியாக மூஞ்சிக்கு நேராக வந்தது. மெத்தையின் அளவு அப்படி. மீசையை இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தான். தண்டம் என்று கழற்றச் சொன்ன கண்ணாடிதான். மலையேற ஆரம்பித்த பிறகும் அதை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை.

முக்கால் மலை ஏறியிருப்பார்கள். மழை பிடித்துக்கொண்டது, கூடவே பனிமூட்டம். மேலே குறுகலான வளைவில் பஸ் இறங்கி வந்தது. வழி கொடுக்க வேண்டுமென்றால் காரைப் பின்னால் எடுத்தாக வேண்டும். செங்கம்மாள் உள்கண்ணாடியில் பார்த்தாள். பின்கண்ணாடி முழுக்க மழையும் சேறும், ஒன்றுமே தெரியவில்லை. பச்சையம்மாள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினாள்.

“பாத்தியா செங்கு!” தர்மனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மீசையிலிருந்து கையை எடுத்து டேஷ்போர்டில் தட்டினான். “பின்னாடி ஒரு வைப்பரு கூட இல்லாம ஒரு காரு! இது இன்னா பெரிய வசதியா? அத்தியாவசியம்! இந்த மாதிரி சின்ன விஷயத்தயெல்லாம் எல்லா வண்டியிலயும் ஸ்டேண்டர்டா வெச்சே குடுக்கணும், நான் எவன்கிட்ட வேணாலும் சொல்லுவேன்!”

செங்கம்மாள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

“வெச்சுத்தான் குடுத்திருக்கான் மாமா. இடது சீட்டுல, மெத்தை மேல உக்காந்துக்கினு, மீசையப் பாத்துக்கினு இருக்குது. எறங்கித் தொடச்சிட்டு வா.”